"இன்ஜின் உறுமுது... வண்டி மட்டும் நகரலை!" - அம்மாவின் ஸ்கூட்டர் பெல்ட் அறுந்த கதை

பொங்கல் லீவு முடிந்து ஸ்கூல் திறந்த வாரம் அது. ஷிஃப்ட் முடிந்து நான் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கும்போது இரவு ஏழே கால் மணி. அம்மாவிடமிருந்து போன்.

"வண்டி ஸ்டார்ட் ஆகுது. சத்தமும் நல்லா வருது. ஆனா நகர மாட்டேங்குதுடி."

அம்மா படப்பையில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். எங்கள் வீடு முடிச்சூரில். நடுவில் வண்டலூர் - வாலாஜாபாத் சாலை. ஒரகடம் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற சாலை அது. அந்தச் சாலையின் ஓரத்தில், தெருவிளக்கு இல்லாத ஓர் இடத்தில், ஹேண்ட்பேகை மடியில் வைத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தார்.

ஷேர் ஆட்டோ பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று பேர் வண்டியை நிறுத்தி உதவியிருக்கிறார்கள். ஒருவர் பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்கைத் திறந்து பார்த்தார். இன்னொருவர் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மூன்றாவதாக வந்த கல்லூரிப் பையன், "ஆக்ஸிலரேட்டர் கேபிள் கட் ஆகியிருக்கும் ஆன்ட்டி" என்று தீர்ப்புச் சொன்னான். கேபிள் அறுந்திருந்தால் இன்ஜின் எப்படி உறுமும்? ஆனால், அந்த நேரத்தில் இதையெல்லாம் யார் யோசிக்கப் போகிறார்கள்? மூவரும் போன பிறகு, அம்மா தன் பங்குக்கு ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கிப் பார்த்திருக்கிறார். ஒரு தடவை அல்ல, ஏழெட்டுத் தடவை.

வண்டியைப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அதே ஆட்டோவில் வீடு வந்தோம். மறுநாள் காலை, குட்டி யானையில் ஏற்றி எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனோம். அவர் பெட்ரோலையும் பார்க்கவில்லை, பிளக்கையும் பார்க்கவில்லை. செல்ஃப் போட்டு ஒரே ஒரு விநாடி சத்தம் கேட்டார். உடனே ஆஃப் செய்தார். "பெல்ட்டும்மா" என்றார்.

"ஸ்கூட்டர்ல பெல்ட்டா?" என்று நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு ரப்பர் பட்டை

பைக்கில் செயின் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தொங்கினால் தெரியும், சத்தம் வந்தால் எண்ணெய் விடுவோம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்த வேலையைச் செய்வது ஒரு ரப்பர் பெல்ட். இடது பக்கம் கால் வைக்கும் இடத்துக்குப் பின்னாலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக ஒரு மூடி இருக்கிறதே, கிக்கர் கூட அதில்தான் இருக்கும், அதற்குள்தான் இது சுற்றிக்கொண்டிருக்கிறது. சர்வீஸுக்கு விட்டாலொழிய அந்த மூடியை யாரும் திறப்பதில்லை. சர்வீஸுக்கு விட்டாலும் பல நேரம் திறப்பதில்லை என்பது எங்கள் அனுபவம். அதற்குப் பிறகு வருகிறேன்.

மெக்கானிக் அண்ணன் டி ஸ்பேனரால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒரு அட்டைப்பெட்டித் துண்டில் மூடியின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, எந்த இடத்து போல்ட்டோ அதை அந்த இடத்திலேயே குத்தி வைத்தார். "எல்லாம் ஒரே மாதிரி தெரியும். நீளம் வேற வேற. மாத்திப் போட்டா கேஸ் உடைஞ்சிரும்" என்றார்.

மூடியை எடுத்ததும் உள்ளே கரித்தூள். அதற்கு நடுவே ரப்பர் துண்டுகள். எல்லாவற்றையும் விட அதிகமாக இருந்தது நூல்! உரித்த தேங்காய் நார் மாதிரி, முன்பக்கச் சக்கரத்தைச் சுற்றிச் சிடுக்காகக் கிடந்தது. பெல்ட்டின் உயிரே அந்த நூலிழைகள்தான். ரப்பர் பிடிமானத்துக்கு, இழுவையைத் தாங்குவதெல்லாம் உள்ளே ஓடும் இழைகள்.

"இது எத்தனை நாளா கத்திக்கிட்டு இருந்திருக்கும் தெரியுமா டீச்சர்?" என்றார் அண்ணன். அம்மா பதில் சொல்லவில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டபோது அவர் கழற்றிக் காட்டினார். நான் என் பாஷையில் சொல்கிறேன். வீட்டில் குமிழ் மாதிரி மேடாக இருக்கும் பாத்திர மூடிகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேடான பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி பிடியுங்கள். நடுவில் 'வி' வடிவத்தில் ஒரு பள்ளம் கிடைக்கும். அந்தப் பள்ளத்தில்தான் பெல்ட் உட்கார்ந்திருக்கிறது. மூடிகளை நெருக்கினால் பெல்ட்டுக்கு உள்ளே இடமில்லை, வெளிப்பக்கமாக ஏறி பெரிய வட்டம் போடும். விலக்கினால் உள்ளே இறங்கிச் சின்ன வட்டம் போடும். இப்படி முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. முன்னால் வட்டம் பெரிதாகும்போது, பெல்ட்டின் நீளம் மாறாது என்பதால், பின்னால் வட்டம் சின்னதாகும். கியர் சைக்கிளில் பல் சக்கரம் மாற்றுவோமே, அதே கணக்குதான். ஆனால், படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டே மாறுகிறது. இந்த அமைப்பைத்தான் சிவிடி என்கிறார்கள்.

முன் ஜோடியை நெருக்குவது யார்? அதற்குள் சின்ன உருளைகள், பெரும்பாலும் ஆறு இருக்கும். திருவிழாவில் சங்கிலி ராட்டினம் வேகமெடுக்கும்போது நாற்காலிகள் வெளியே வீசப்படுமே, அதேபோல் இன்ஜின் வேகம் கூடக் கூட இந்த ரோலர்கள் வெளியே ஓடி ஒரு பக்கத்து மூடியை அழுத்துகின்றன. பின்னால் ஒரு பெரிய ஸ்பிரிங் அதற்கு எதிராகப் பிடித்துக்கொண்டிருக்கும். மேடு ஏறும்போது அந்த ஸ்பிரிங்கின் கை ஓங்கும். வண்டி தானாகவே 'லோ கியருக்கு' வந்துவிடும். கம்ப்யூட்டர் கிடையாது, ஒயர் கிடையாது. எடை, சுழற்சி, உராய்வு, அவ்வளவுதான். அம்மா எட்டாம் வகுப்புக்கு உராய்வு பாடம் எடுப்பவர். எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இந்த ஐடியாவை காரில் வைத்துப் பெருமளவில் விற்றுக் காட்டியவர்கள் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரைச் சேர்ந்த டாஃப் கம்பெனிக்காரர்கள். 1958-ல் அவர்கள் காட்சிக்கு வைத்த 'டாஃப் 600' காரில் இரண்டு ரப்பர் பெல்ட்கள்தான் கியர்பாக்ஸ். முன்னால் எவ்வளவு வேகமாகப் போகுமோ, அவ்வளவு வேகமாக ரிவர்ஸிலும் போகும். அதற்காகவே பிற்காலத்தில் அங்கே பழைய டாஃப் கார்களை வைத்து ரிவர்ஸ் ரேஸ் நடத்தினார்கள்! யூடியூபில் கிடைக்கிறது, சிரிக்காமல் பார்க்க முடியாது.

நம் ஊருக்கு இது 1980-களில் கைனடிக் ஹோண்டாவோடு வந்தது. கிளட்ச் பிடித்துக் கையால் கியர் திருப்பும் ஸ்கூட்டர்களுக்கு நடுவே, முறுக்கினால் போகும் வண்டி. பிறகு ஸ்கூட்டி, ஆக்டிவா என்று வந்து பெண்களின் தினசரி வாழ்க்கையையே இந்த வண்டிகள் மாற்றிவிட்டன. 2018 பிப்ரவரியில் தமிழக அரசு உழைக்கும் பெண்களுக்கு அம்மா ஸ்கூட்டர் திட்டத்தைத் தொடங்கியபோது, பாதி விலை அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அதை மானியமாகக் கொடுத்தது. அதிலும் கியர் இல்லாத வண்டிகளைத்தான் வாங்க வேண்டும் என்பது விதி. அன்று புதிதாக வாங்கிய அந்த வண்டிகளுக்கெல்லாம் இன்று வயது என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பெல்ட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் அதில் எத்தனையோ!

நவம்பர் தண்ணீர், ஜனவரி பெல்ட்

"மழையில தண்ணிக்குள்ள ஓட்டுனீங்களா?" என்று அண்ணன் கேட்டார். முடிச்சூரில் இருப்பவர்களிடம் இது என்ன கேள்வி? நவம்பரில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வண்டி ஆஃப் ஆகாமல் மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் அதுவே சாதனை. அம்மா அதை ஒரு வாரம் தினமும் செய்திருக்கிறார். "முறுக்கினா சத்தம்தான் பெருசா வரும், வண்டி மெதுவாத்தான் போகும். தண்ணி தடுக்குதுன்னு நினைச்சேன்" என்றார்.

தண்ணீர் தடுத்ததும் உண்மை. ஆனால், உள்ளே வேறொன்றும் நடந்திருக்கிறது. பெல்ட் உரசி உரசிச் சூடாவதால், அந்த மூடிக்குள் காற்று போய்வர ஒரு வழி வைத்திருப்பார்கள். காற்று போகிற வழியில் தண்ணீரும் போகும். ஈரமான உலோகத்தில் ரப்பர் பிடிக்காது, வழுக்கும். நகரவில்லையே என்று நாம் இன்னும் முறுக்குவோம். இன்னும் வழுக்கும். வழுக்கினால் சூடு. அந்தச் சூட்டில் பெல்ட்டின் பக்கவாட்டு ரப்பர் கண்ணாடி மாதிரி பளபளப்பாகி இறுகிவிடும். அதன் பிறகு தண்ணீர் வடிந்து காய்ந்தாலும் பழைய பிடிமானம் வராது. தினமும் கொஞ்சம் வழுக்கும், தினமும் கொஞ்சம் சூடாகும், விரிசல் விடும். ஒருநாள் அறுந்துபோகும். நவம்பரில் பட்ட அடிக்கு ஜனவரியில் விழுவது இப்படித்தான்.

இதை எழுதுவதற்காகத் தேடிப் படித்தபோது, இதே பெல்ட்டோடு நம்மைவிட அதிகமாக மல்லுக்கட்டுபவர்கள் பனி தேசத்துக்காரர்கள் என்று தெரிந்தது. நம் ஊர் ரிசார்ட்களில் வாடகைக்கு ஓட்டுவார்களே, பெரிய டயர்கள் வைத்த நான்கு சக்கர ஏடிவி. கனடாவிலும் அமெரிக்காவின் மின்னசோட்டா, மிச்சிகன் போன்ற மாநிலங்களிலும் அது விளையாட்டு வண்டி மட்டுமல்ல. வாசலில் குவிந்த பனியைத் தள்ள, காட்டிலிருந்து விறகு இழுக்க, உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போக என்று குளிர்காலம் முழுக்க அதற்கு வேலை. பெரும்பாலான ஏடிவிகளில் இருப்பது நம் ஸ்கூட்டரில் இருக்கும் அதே சிவிடி பெல்ட்தான், அகலம் மட்டும் கூடுதல். பனிக்காலம் முழுக்க ஓட்டிவிட்டு, பனி உருகிச் சேறாகும் நேரத்தில் பெல்ட் அறுந்து நிற்பது அங்கே சகஜம்.

அங்கே பெல்ட்டைக் கொல்வதும் ஏறக்குறைய நம் கதைதான். கடுங்குளிரில் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பெல்ட் கட்டை மாதிரி விறைத்திருக்கும். எடுத்த எடுப்பில் முறுக்கினால் விரிசல் விடும். அதனால், இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, முதல் சில நிமிடங்கள் மெதுவாக ஓட்டி பெல்ட்டைச் சூடேற்றுகிறார்கள். அடுத்தது, ஆழமான பனியில் சக்கரம் சிக்கிக்கொள்வது. சக்கரம் நகராது, பெல்ட்டும் நகராது, ஆனால் முன்பக்கப் புல்லி மட்டும் ஒரே இடத்தில் பெல்ட்டைத் தேய்த்துக்கொண்டே சுழலும். சில விநாடிகள் போதும், அந்த இடம் மட்டும் எரிந்து, இடுப்பு ஒடுங்கி, பெல்ட் அங்கே உடுக்கை மாதிரி ஆகிவிடும். அப்புறம் அந்த ஒடுங்கிய இடம் புல்லியைக் கடக்கும்போதெல்லாம் வண்டி 'தடக் தடக்' என்று அதிரும்.

அவர்களுக்கு நம்மிடம் இல்லாத சில வசதிகள் உண்டு. பெரும்பாலான ஏடிவிகளில் 'லோ' என்று தனி கியர் இருக்கும். பனி தள்ளும்போதும் சுமை இழுக்கும்போதும் அதில் போட்டால் பெல்ட்டின் பாரம் குறையும். பல மாடல்களில் பெல்ட் மூடியின் அடியில் தண்ணீர் வடிக்க ஒரு பிளக் இருக்கும். நனைந்துவிட்டால் வடித்துவிட்டு, நியூட்ரலில் போட்டு இன்ஜினை உறுமவிட்டுக் காயவைப்பார்கள். விவரமானவர்கள் சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பேர் பெல்ட்டும் கழற்றும் டூல்களும் இல்லாமல் காட்டுக்குள் போக மாட்டார்கள். மைனஸ் 20 டிகிரியில் நடுக்காட்டில் பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால், நம் வண்டலூர் ரோடு பரவாயில்லை என்று தோன்றுகிறது.

நம் ஸ்கூட்டரில் லோ கியரும் கிடையாது, நியூட்ரலும் கிடையாது. நம்மிடம் இருப்பது வலது கை மட்டும்தான். தண்ணீருக்குள் சிக்கி, சத்தம் மட்டும் கூடி வேகம் கூடவில்லை என்றால், முறுக்குவதை நிறுத்திவிட்டு இறங்கித் தள்ளுவதுதான் பெல்ட்டுக்கு நல்லது. புடவையோ யூனிஃபார்மோ நனையும்தான்.

அம்மா சொன்ன வாக்குமூலம்

மெக்கானிக் ஷாப் ஸ்டூலில் உட்கார்ந்து, அண்ணன் கேட்கக் கேட்க, அம்மா ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார். டிசம்பரிலிருந்தே சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி ஒரு நடுக்கம் நடுங்கியது. பாலம் ஏறும்போது இன்ஜின் சத்தத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. முன்பு சாதாரணமாக 60-ல் போன வண்டி 45-ஐத் தாண்டத் திணறியது. இரண்டு முறை ரப்பர் கருகும் வாசனை வந்தது; முன்னால் போன லாரி என்று நினைத்துக்கொண்டார். கடைசி வாரம் இடது பக்கத்திலிருந்து 'பட் பட்' என்று எதுவோ அடிக்கும் சத்தம். அது பெல்ட்டிலிருந்து பிய்ந்த நூல் மூடியில் அடிக்கும் சத்தமாக இருந்திருக்கும் என்கிறார் அண்ணன்.

"வண்டிக்கு வயசாயிடுச்சு, நமக்கும்தான் ஆகுது, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார் அம்மா. எனக்கு இந்த இடம்தான் உறுத்தியது. தன் முழங்கால் வலியைப் பற்றியும் அவர் இதையேதான் சொல்வார்.

ஓடோமீட்டரில் 31,640 கி.மீ. அது வண்டியோடு வந்த முதல் பெல்ட். ஸ்கூட்டர் மேனுவல்களில் பெல்ட்டைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்கவும், பெரும்பாலும் 20,000 முதல் 25,000 கி.மீ.க்குள் மாற்றவும் சொல்லியிருப்பார்கள். மாடலுக்கு மாடல் கணக்கு மாறும். வெளியில் பார்க்க நன்றாக இருந்தாலும், தேய்ந்து அகலம் குறைந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அந்தக் குறைவு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது, வெர்னியர் வைத்து அளக்க வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் நாங்கள் தவறாமல் ஒரு சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டோம். ஆயில், வாட்டர் வாஷ், பிரேக், பாலீஷ் என்று பில் வந்தது. பழைய பில்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பெல்ட் என்ற சொல்லே எதிலும் இல்லை. கோபம் வந்தது. அதே கையோடு மேனுவலைத் தேடினேன். பீரோவில், பிளாஸ்டிக் கவர் பிரிக்கப்படாமல் இருந்தது. கோபம் பாதியானது.

மாற்றுவது பெரிய வேலையா?

பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. ஆனால், அம்மாவின் வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. காரணம், அந்த ஏழெட்டு முறுக்கல். அறுந்த பிறகு இன்ஜினை உறுமவிட்டால் முன்புல்லி வெறித்தனமாகச் சுற்றி, பிய்ந்த நூலையெல்லாம் தன்மீதே சுற்றிக்கொள்ளும். அது புல்லிக்குப் பின்னால் போய் கிராங்க் ஷாஃப்ட்டில் இறுகினால், அங்கிருக்கும் ஆயில் சீலையே அறுத்துவிடும். பிறகு ஆயில் கசிந்து புது பெல்ட்டும் பாழ். அண்ணன் டார்ச் அடித்து, நோஸ் பிளேயரால் நூல் நூலாக இழுத்தெடுத்தார். எடுத்த துண்டுகளைத் தரையில் வரிசையாக வைத்து, முழு பெல்ட்டும் சேர்கிறதா என்று பார்த்தார். ஒரு துண்டு குறைந்தது. பின் கிளட்ச்சுக்குக் கீழே ஒளிந்திருந்தது. நல்லவேளையாக சீல் தப்பியது.

அடுத்து முன்புல்லியின் நட். இதுதான் வீட்டில் செய்ய நினைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். நட்டைத் திருப்பினால் இன்ஜினும் சேர்ந்து திரும்பும். புல்லியைப் பிடித்து நிறுத்த தனி ஹோல்டர் வேண்டும், அல்லது ஏர் கன் வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நிறுத்துகிறேன் என்று புல்லியின் விசிறி இதழ்களை உடைத்தவர்கள் கதையை அண்ணன் சொன்னார். யூடியூப் பார்த்துச் செய்யலாம்தான். ஆனால், அந்த ஹோல்டரும் நட்டை அளவோடு இறுக்கும் டார்க் ஸ்பேனரும் இல்லாதவர்கள் முயல வேண்டாம் என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளாக என் கருத்து. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது மட்டும் கட்டாயம்.

உருளைகளைக் கையில் கொடுத்தார். உருண்டையாக இருக்க வேண்டியவை ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன. அவையும் மாறின. புல்லியின் உள்முகங்களை கிளீனர் ஊற்றித் துடைத்து, அவற்றில் கைரேகை கூட படாமல் பிடித்தார். அங்கே கிரீஸோ ஆயிலோ ஒரு சொட்டு பட்டாலும் பெல்ட் மறுபடி வழுக்கும். "சத்தம் வருதுன்னு மூடி ஓட்டை வழியா ஆயில் ஸ்பிரே அடிச்சுட்டு வர்றாங்க டீச்சர்" என்று தலையில் அடித்துக்கொண்டார். தூசியை ஊதும் முன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு எங்களையும் தள்ளி நிற்கச் சொன்னார்.

புது பெல்ட்டில் ஓர் அம்புக்குறி இருந்தது. சுழலும் திசையைப் பார்த்துப் போட வேண்டும். அவர் செய்ததிலேயே நுட்பமான வேலை இனிமேல்தான். பின் புல்லியின் இரண்டு பக்கத்தையும் விலக்கி, பெல்ட்டை அதற்குள் ஆழமாக அழுத்தி இறக்கினார். அப்போதுதான் முன்பக்கம் பெல்ட் தளர்வாகக் கிடக்கும். அப்படிச் செய்யாமல் முன் நட்டை இறுக்கினால், பெல்ட் இரண்டு தட்டுக்கும் நடுவில் நசுங்கி மாட்டிக்கொள்ளும். நட் நன்றாக இறுகிவிட்டது என்று கை நம்பும். உண்மையில் அது பெல்ட்டின் மேல்தான் இறுகியிருக்கும். வண்டி ஓடி பெல்ட் விலகியதும் நட் லூஸ் ஆகி, ஷாஃப்ட்டின் பற்களையே தின்றுவிடும். இறுக்கிய பிறகு பின் புல்லியைக் கையால் சுற்றி, பெல்ட் மெல்ல மேலேறி வருவதைப் பார்த்த பிறகுதான் மூடியைப் போட்டார்.

பெல்ட், ரோலர் செட், கூலி எல்லாம் சேர்த்து எங்கள் பில் 1,300 ரூபாய்க்குள் முடிந்தது. குட்டி யானை வாடகை தனி. இது எங்கள் வண்டிக்கான கணக்கு, உங்கள் மாடலுக்கு மாறும். கம்பெனி பாக்கெட்டில் பார்ட் நம்பரைச் சரிபார்த்து வாங்குங்கள். நீளமும் அகலமும் கொஞ்சம் மாறினாலும் வண்டி இழுக்காது.

முதல் சில நாள்கள் திடீரென முழு முறுக்கு வேண்டாம், புது ரப்பர் புல்லியோடு பழகட்டும் என்று சொல்லி அனுப்பினார். சர்வீஸுக்கு விடும்போது, "இடது மூடியைத் திறந்து பெல்ட் அகலம் பாருங்க" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள் என்பது அவருடைய இன்னொரு டிப்ஸ். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்களாம்.

நடுவழியில் அறுந்தால்...

ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் சத்தம் திடீரென உயர்ந்து, இழுவை மட்டும் சட்டென்று போய்விட்டால் அது பெல்ட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிரேக், ஹேண்டில் பார், இண்டிகேட்டர் எல்லாம் வழக்கம்போல் வேலை செய்யும். வண்டி தன் வேகத்திலேயே கொஞ்ச தூரம் உருளும். பதறி பிரேக்கை அழுத்தாமல், அந்த உருளலிலேயே இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள். உடனே இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டாம். ஏன் என்பதை நோஸ் பிளேயர் கதையில் பார்த்தோம். கிக்கர் இறுகியிருந்தால் பலம் கொண்டு மிதிக்கக் கூடாது.

பெரும்பாலும் பின்சக்கரம் சுதந்திரமாக உருளும் என்பதால் தள்ளிக்கொண்டு போக முடியும். துண்டு எதுவும் சிக்கிச் சக்கரமே சுற்றவில்லை என்றால் தள்ளவும் முடியாது, ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பின்னால் வரும் பைக்காரர் காலை வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறேன் என்பார், நல்ல மனசுதான். இருட்டில், லாரி போகிற ரோட்டில் வேண்டாம். இரவில் தனியாக நின்றால் அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. இந்த மூன்று எண்களையும் அம்மாவின் போனில் அன்று இரவே சேவ் செய்தேன். லொக்கேஷன் அனுப்புவது எப்படி என்றும் சொல்லிக்கொடுத்தேன். அன்று அவர் அனுப்பிய லொக்கேஷன், "ஒரு பெரிய புளியமரம் பக்கத்துல" என்பதுதான்.

கிளம்பும்போது, பழைய பெல்ட் துண்டுகளைக் குப்பைத்தொட்டியில் போடப்போன அண்ணனை அம்மா நிறுத்தினார். ஒரு பாலித்தீன் பையில் அள்ளிக்கொண்டார். தட்டையாகிப்போன இரண்டு ரோலர்களையும் கேட்டு வாங்கினார். அவை இப்போது எட்டாம் வகுப்பு மேஜையில் இருக்கின்றன. பசங்க நூலை உருவி உருவிப் பாதியைக் காலி செய்துவிட்டார்களாம்.

சீட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. அதில் அம்மாவின் சிவப்பு இங்க் கையெழுத்து: 'பெல்ட் - 31,640.'